செல்லம் அன்பாகுமா?

கேட்டதையெல்லாம் கொடுப்பது அன்பாகுமா என்னும் வினா புதியதன்று. பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசும் இடங்களிலெல்லாம் அஃது எழுந்துகொண்டே இருக்கிறது. ஆயினும் பிள்ளைகள் விஷயத்தில் இதற்குத் தெளிவான விடை காண்பது அரிது. ஏனெனில் பிள்ளை வளர்கிறான், பேசுகிறான், எதிர்த்தும் கேட்கிறான். பள்ளிக்கூடமும் தெருவும் தோழரும் அவனுக்குக் கற்பிக்கின்றனர். அவன் கெட்டுப்போனால் அதில் பெற்றோரின் பங்கு எவ்வளவு, உலகத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட எவராலும் இயலாது. ஆனால், வீட்டுக்குள்ளேயே வாழ்ந்து, வீட்டாரையன்றி வேறு ஆசிரியரை அறியாது, வளர்ப்பவர் கையைப் பார்த்தே தன் ஆயுளைக் கழிக்கும் ஓர் உயிரை எடுத்துக்கொண்டால் இவ்வினா நன்கு விளங்கும். மடியில் வைத்து நாம் கொஞ்சும் சிறு நாயே அவ்வுயிர்.

மனிதரின் குறைகளே மலைபோல் குவிந்து கிடக்கும்போது நாயைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. எனினும், வலியவன் தன் கைக்குள் அகப்பட்ட எளிய உயிரை எவ்வாறு நடத்துகிறான் என்பதை ஆராயாமல் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. நாயிடத்தில் பழகிய கை மனிதரிடத்திலும் அவ்வாறே பழகும். ஆதலின் இதனைச் சிறிது ஆராய்வோம்.

சிங்கப்பூரின் வடகிழக்குக் கரையிலுள்ள பொங்கோலை எடுத்துக்கொள்வோம். முன்னொரு காலத்தில் அது கம்பத்து வீடுகளும் மீனவர் குடில்களும் பன்றிப் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் நிறைந்த ஊர். அந்நாளில் நாயின் இடம் வாசல். அது வேண்டியமட்டும் ஓடும், மண்ணைக் கிளறும், வேலிக்கு அப்பால் செல்லும் அந்நியனைக் கண்டு குரைக்கும். அதனால் எவருடைய உறக்கமும் கெடவில்லை. 1996ஆம் ஆண்டில் ‘பொங்கோல் 21’ என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2003இல் ரயிலும் 2005இல் இலகு ரயிலும் வந்தன. ஊரின் நடுவே 4.2 கிலோமீட்டர் நீளத்துக்கு நீர்ப்பாதை வெட்டப்பட்டு 2011இல் அதன் பூங்கா திறக்கப்பட்டது. இன்று பல்லாயிரம் குடும்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வீடுகளில் வாழ்கின்றன. வாசலில் கிடந்த நாய் பன்னிரண்டாம் மாடிக்கு ஏறிவிட்டது. அதற்கும் அடுத்த வீட்டுக் குழந்தையின் தொட்டிலுக்கும் இடையே இருப்பது ஒரு சுவர்தான்.

இந்நிலையில் சட்டம் சில வரம்புகளை வகுத்திருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடொன்றில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிற்றினங்களில் ஒன்றாக இருத்தல் வேண்டும். 2012இல் தொடங்கிய ‘அடோர்’ என்னும் திட்டத்தால் உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கும் அவ்வீடுகளில் இடம் கிடைத்தது. மூன்று மாதம் நிரம்பிய நாய்க்கு உரிமம் பெறல் வேண்டும். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாத நாய்க்கு 90 வெள்ளி. வீடமைப்புக் கழகத்தின் விதியை மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் சட்டம் நாயின் தொகையை எண்ணும், இனத்தைப் பார்க்கும், கட்டணத்தை வாங்கும். வீட்டுக்குள் அந்த நாய் எவ்வாறு நடக்க வேண்டும், அதனிடம் நாம் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதை வீட்டாரின் அறிவே வகுத்துக்கொள்ள வேண்டும்.

அத்தகைய அடுக்குமாடியில் ஒரு குடும்பம் இருப்பதாகக் கொள்வோம். அங்கே நான்கு கிலோகிராம் எடையுள்ள ஒரு நாய். காலையில் குடும்பத் தலைவர் தோசையை வாயில் வைக்கும்போது அது குரைக்கும். ‘பேசாமல் கிட’ என்று இருமுறை அதட்டுவார், மூன்றாம் முறை ஒரு துண்டைப் பிய்த்துப் போடுவார். பிற்பகலில் பாட்டியார் எவரும் பாராதபோது முறுக்கு ஊட்டுவார். பிள்ளைகள் அதனை நாற்காலியில் ஏற்றிக் கொஞ்சுவர். அதே நாற்காலியிலிருந்து தாயார் அதனைத் துடைப்பத்தால் விரட்டுவார். மின்தூக்கி நிற்கும் ஓசை கேட்டால் அது ஊரைக் கூட்டும். வீடு கூட்டும் பணிப்பெண்ணின் கணுக்காலைக் கவ்வும். விருந்தினர் வந்தால் குளியலறையில் அடைபட்டுக் கதவைப் பிறாண்டும். இத்தனைக்கும் வீட்டார் கூறும் சமாதானம் ஒன்றே: ‘சின்னதுதானே, அதற்கென்ன தெரியும்?’

அதற்கு நன்றாகத் தெரியும். மூன்றாம் குரைப்புக்குத் தோசை வரும் என்று தெரியும். பாட்டியாரின் முந்தானைக்குள் முறுக்கு இருக்கும் என்று தெரியும். கவ்வினால் துடைப்பம் விலகிப்போகும் என்று தெரியும். அது மூடப் பிராணியன்று, மிகச் சிறந்த மாணாக்கன். நாம் கற்பித்ததை ஒன்றுவிடாமல் கற்றுக்கொண்டது. நாம்தான் என்ன கற்பிக்கிறோம் என்பதை அறியாமல் கற்பித்துவிட்டோம்.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று நம் மக்கள் ஒரு பழமொழி சொல்லுவர். நடுவீட்டில் வைத்தாலும் நாய் நாய்தான் என்பதும் அக்கூட்டத்தைச் சேர்ந்ததே. பிறப்பிலேயே குணம் முடிந்துவிடுகிறது, பின் எவராலும் மாற்ற முடியாது என்னும் எண்ணம் இப்பழமொழிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. இவ்வெண்ணம் நாயோடு நின்றுவிட்டதா? ஒரு சாதியார் இப்படித்தான், ஒரு குலத்தார் அப்படித்தான் என்று மனிதரையும் இதே அளவுகோலால் அளந்தார்கள் அல்லவா? நாயின் வால் வளைந்திருப்பது உண்மை. ஆனால் வால் வேறு, நடத்தை வேறு. அமெரிக்க உளநூலறிஞர் எட்வர்ட் தார்ண்டைக் 1898ஆம் ஆண்டில் பூனைகளையும் நாய்களையும் கூண்டிலிட்டு, தாழைத் திறக்க அவை எவ்வாறு கற்கின்றன என்று ஆராய்ந்தார். எச்செயலுக்குப் பின் நல்ல பயன் கிடைக்கிறதோ அச்செயல் வேரூன்றுகிறது, பயன் தராத செயல் தேய்ந்து மறைகிறது என்று கண்டார். ஒவ்வோர் இனத்துக்கும் இயல்பான நாட்டங்கள் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் வீட்டில் நாம் காணும் அடங்காமையில் பெரும்பகுதி பிறவியின் குற்றமன்று, பழக்கத்தின் விளைவே.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ‘நான் தினமும் கொடுப்பதில்லையே, எப்போதாவது ஒருமுறைதானே’ என்று சிலர் கூறுவர். எப்போதாவது கொடுப்பதே எல்லாவற்றிலும் தீங்கானது. ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்னும் இருவரும் புறாக்கள் முதலியவற்றைக் கொண்டு செய்த நெடிய சோதனைகளை 1957இல் வெளியிட்டனர். ஒவ்வொரு முறையும் தீனி பெற்ற பறவை, தீனி நின்றதும் விரைவில் முயற்சியைக் கைவிட்டது. எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி அவ்வப்போது பெற்ற பறவையோ ஆயிரக்கணக்கான முறை கொத்திக்கொண்டே இருந்தது. இதற்குப் புறாவைத் தேடிப் போக வேண்டியதில்லை. நான்கு இலக்கக் குலுக்கலுக்குச் சீட்டு வாங்க வரிசையில் நிற்கும் நம்மவரைப் பார்த்தாலே போதும். என்றோ ஒருநாள் விழுந்த சிறு பரிசு எத்தனை ஆண்டுகள் ஒருவனைக் கட்டி இழுக்கிறது! உணவு மேசையடியில் கத்தும் நாயும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. அதனை அங்கே நிறுத்தியவர் நாமே.

பெரிய நாயிடம் ஒழுங்கு காட்டும் மனிதர் சிறிய நாயிடம் ஏன் தளர்கின்றனர்? ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1,276 நாய் வளர்ப்போரிடம் விசாரித்து எழுதப்பட்ட ஆராய்ச்சியொன்று 2010இல் வெளிவந்தது. சிறு நாய் வளர்ப்போர் இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாக நடந்துகொள்வது அதிகம், பயிற்சியளிப்பதும் உடன் விளையாடுவதும் குறைவு என்று அதில் தெரிந்தது. அவர்களுடைய நாய்கள் சொற்கேளாமையிலும் பரபரப்பிலும் பெரிய நாய்களை விஞ்சின. அடிக்கடி தண்டிக்கப்பட்ட நாய், சிறியதாயினும் பெரியதாயினும், மேலும் சீற்றமுடையதாக இருந்தது. சிறு நாய்களிடத்தில் அச்சமும் சேர்ந்து காணப்பட்டது.

இதன் காரணத்தைப் பொங்கோலின் பழைய வரலாற்றைக் கொண்டே விளக்கலாம். அங்கே ஒரு காலத்தில் விலங்குக் காட்சிசாலை ஒன்று இருந்தது. வில்லியம் லாரன்ஸ் சோமா பாசப்பா என்னும் இந்திய மரபினர், சிராங்கூன் வட்டாரத்தில் தாம் வைத்திருந்த விலங்குகளை 1928இல் பொங்கோலுக்குக் கொண்டு சென்று அதனை அமைத்தார். தாம் வளர்த்த வங்கப் புலியொன்றை உடன் அழைத்துச் செல்வதால் அவர் பெயர் பெற்றிருந்தார். போர் நெருங்கியபோது ஆங்கிலேயப் படை அந்நிலத்தை எடுத்துக்கொள்ள, அக்காட்சிசாலை 1942இல் அழிந்தது. புலியை வீட்டில் வளர்ப்பதை நாம் போற்றவில்லை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றே. புலியோடு வாழ்பவன் அதன் பல்லை ஒரு கணமும் மறவான். அதனிடத்தில் இன்று செல்லமும் நாளை அடியுமாக நடக்க எவனும் துணியான். நான்கு கிலோகிராம் நாயிடத்தில் துணிகிறோம். ஏன்? அதன் பல் நமக்கு ஆபத்தன்று. ஆகவே, நாம் முறையோடு நடப்பது அறத்தினாலா, பல்லுக்கு அஞ்சியா என்பதைச் சிறு நாயே நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. வலியவரிடம் ஒழுங்கும் எளியவரிடம் மனம்போன போக்கும் காட்டுகிறவனை நீதிமான் என்று எவரும் கூறார்.

‘ஆயினும் நாய் எங்கள்மேல் உயிரையே வைத்திருக்கிறதே, நாங்கள் தவறாக வளர்த்திருந்தால் இப்படி அன்பு காட்டுமா’ என்று கேட்பார் உண்டு. இதற்கு நாலடியார் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விடைக்கு வழி காட்டியிருக்கிறது. நெடுநாள் பழகிய பாகனையே யானை கொல்லும் என்றும், தலைவன் வீசிய வேல் தன் உடலில் தைத்து நிற்கும்போதும் நாய் அவனைக் கண்டு வாலாட்டும் என்றும் கூறி, நாயைப் போன்றவரின் நட்பையே கொள்ளும்படி அந்நூல் அறிவுறுத்துகிறது. நாயின் உயர்வுக்கு இது சான்று. ஆனால் தலைவனின் உயர்வுக்குச் சான்றாகுமா? வேல் எறிந்தவனையும் நேசிக்கும் உயிர் அது. ஆதலின் அது நேசிக்கிறது என்பதைக் கொண்டு நாம் நல்லவர் என்று தீர்ப்பளித்துக்கொள்ள முடியாது. நம்மை நம்பிப் பிழைக்கும் எவருடைய அன்பும் இத்தகையதே. அந்த அன்பு நமக்குக் கிடைத்த நற்சான்று அன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலம்.

அப்படியாயின் வேறு எதைக் கொண்டு அளப்பது? கொடுப்பதனால் இன்பம் அடைபவர் யார் என்று பார்த்தால் போதும். பாட்டியார் முறுக்கு ஊட்டும்போது நாய்க்கு ஒரு கணச் சுவை. அது தம்மையே சுற்றிவருகிறது என்னும் மகிழ்ச்சியோ பாட்டியாருக்கு நாள் முழுதும். நம் சமையலில் வெங்காயமும் பூண்டும் இல்லாத நாள் குறைவு. அவ்விரண்டும் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களை அழிக்கும் தன்மையுடையன. பாயசத்தில் மிதக்கும் உலர்ந்த திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். சாக்லேட் அதன் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். பாசத்தோடு ஊட்டினோம் என்பதற்காக நஞ்சு தன் வேலையை நிறுத்திவிடாது. எப்போதும் தூக்கிக்கொண்டே திரிவதும் அத்தகையதே. நாய்க்கு நடை வேண்டும், தரையை மோந்து பார்க்க நேரம் வேண்டும், எவரும் தொந்தரவு செய்யாத உறக்கம் வேண்டும். இவற்றைக் கொடுக்க நம் காலும் நேரமும் செலவாகின்றன. ஆகவே இவற்றைக் கொடாமல், செலவில்லாத கொஞ்சலைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிடுகிறோம்.

இது நிற்க. செல்லம் தவறென்றால் பிரம்பை எடுக்க வேண்டியதுதானே என்று மறுபுறம் பாய்வாரும் உளர். நாய் ஓநாயின் வழி வந்தது, ஓநாய்க் கூட்டத்தில் வலியதே தலைவன், ஆகவே வீட்டில் நாமே வலியவர் என்று அடித்துக் காட்ட வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். இவ்வெண்ணம் பரவக் காரணமானவற்றுள் ஒன்று, ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் கூண்டில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதிய ஆராய்ச்சி. பின்னர் டேவிட் மெக் என்னும் அறிஞர் காட்டில் சுதந்திரமாக வாழும் ஓநாய்களைப் பல்லாண்டுகள் கவனித்து, அவற்றின் கூட்டம் பெரும்பாலும் தாயும் தந்தையும் குட்டிகளும் சேர்ந்த குடும்பமே என்றும், அங்கே தலைமை என்பது பெற்றோர் குட்டிகளை நடத்துவதே என்றும் 1999இல் எழுதினார். சிறையில் அடைபட்டவற்றின் சண்டையைப் பார்த்து இயற்கையின் நீதி இதுவே என்று முடிவு கட்டியது பகுத்தறிவுக்கு ஒத்ததன்று. மனிதரையும் அடைத்து வைத்துப் பசியில் தவிக்கவிட்டு, பின் அவர்கள் சண்டையிடுவதைக் காட்டி, இவர்கள் சுபாவம் இதுதான் என்று சொன்னவர்களை உலகம் கண்டிருக்கிறதன்றோ?

மாலையில் வீடு திரும்பியவர் கிழிந்த தலையணையைக் கண்டு நாயை அடிக்கிறார். அது காதை மடக்கி, தலையைத் தாழ்த்தி, கண்ணைத் திருப்பிக்கொள்கிறது. ‘பாருங்கள், தான் செய்த குற்றம் அதற்குத் தெரிகிறது’ என்று அவர் கூறுவார். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்பவர் 14 நாய்களைக் கொண்டு செய்த சோதனையை 2009இல் வெளியிட்டார். தின்னக்கூடாத பண்டத்தைத் தின்ற நாயும், தின்னாமலே தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நாயும் வளர்ப்பவர் கண்டித்தபோது அதே முகத்தைக் காட்டின. குற்றமற்ற நாயின் முகத்திலும் ‘குற்றவுணர்ச்சி’ தெரிந்தது. ஆகவே நாம் காண்பது நாயின் மனச்சாட்சியையன்று, நம் கோபத்தின் நிழலையே. பிற்பகலில் கிழித்ததற்கு மாலையில் அடித்தால், வாசற்கதவு திறந்து எஜமானன் வருவதே ஆபத்து என்று மட்டுமே அது கற்கும். உறுமும் நாயை அடித்து அடக்குவதும் பேதைமையே. உறுமல் என்பது கடிப்பதற்கு முன் அது தரும் எச்சரிக்கை. எச்சரிக்கையை அடித்து நிறுத்தினால், அடுத்த முறை அது எச்சரியாமலே கடிக்கும்.

செல்லமும் அடியும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணுகிறோம். உண்மையில் இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. நமக்கு மகிழ்ச்சி பிறந்தபோது ஊட்டுகிறோம், சினம் பிறந்தபோது அடிக்கிறோம். இரண்டிலும் அளவுகோல் நம் மனநிலையே. நாயின் நன்மை ஒன்றிலும் இல்லை. காலையில் எது குற்றமில்லையோ அது மாலையில் குற்றமாகும் ஆட்சியின் கீழ் மனிதரும் நிம்மதியாக வாழ முடியாது. ஆட்சியாளனின் முகக்குறிப்பே சட்டம் என்னும் நிலையைத்தான் கொடுங்கோல் என்கிறோம்.

ஆகவே திருத்தம் வளர்ப்பவரிடத்தில் தொடங்க வேண்டும். முதற்கண் வீட்டார் அனைவரும் ஒருங்கே அமர்ந்து நான்கைந்து விதிகளை வகுத்துக்கொள்ளட்டும். நாற்காலியில் ஏறலாமா கூடாதா, எப்போது உணவு, எங்கே உறக்கம் என்பவற்றில் ஒருவர் சொல் மற்றவர் சொல்லுக்கு மாறாக இருத்தல் ஆகாது. பணிப்பெண்ணையும் அந்த ஆலோசனையில் சேர்த்தல் வேண்டும். நாயோடு நெடுநேரம் இருப்பவர் பெரும்பாலும் அவரே. உணவைக் குறித்த வேளையில் அதன் தட்டில் வைக்க வேண்டும். மேசையிலிருந்து ஒரு பருக்கையும் கொடுத்தலாகாது. அவ்வாறு நிறுத்திய முதற் சில நாள்களில் குரைப்பு முன்னிலும் ஓங்கும். பழைய வழி ஏன் பலிக்கவில்லை என்று அது உரக்கக் கேட்கிறது. அந்நாள்களில் ஒருவர் மனம் இளகினாலும், உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்று கற்பித்தவராவார். அமைதியாகத் தன் இடத்தில் அது படுத்திருக்கும் கணத்தில், ஓரிரு நொடிக்குள், நல்ல சொல்லும் சிறு தீனியும் கொடுத்தல் வேண்டும். தவறும்போது மட்டும் அதனைக் கவனித்து, நன்றாக நடக்கும்போது மறந்துவிடுவதே நம்மில் பலருடைய வழக்கம். அதனை அப்படியே தலைகீழாக்க வேண்டும்.

மலசலம் கழிக்கப் பழக்குவதும் அவ்வாறே. உறங்கி எழுந்ததும் உண்டு முடித்ததும் உரிய இடத்துக்கு அழைத்துச் சென்று, அங்கே கழித்ததும் பாராட்டினால் அது விரைவில் கற்கும். தவறிய இடத்தில் மூக்கைத் தேய்ப்பதால் நம் கைக்கு அஞ்சுமேயன்றி இடத்தை அறியாது. நாற்காலியை விட்டு இறங்க மறுத்தால் இழுக்காமல், கீழே அழைத்து, இறங்கியதும் பரிசளிக்கலாம். தனித்திருக்க அஞ்சும் நாயை முதலில் ஒரு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் என்று சிறுகச் சிறுகப் பழக்கலாம். மின்தூக்கியின் ஓசைக்குக் குரைப்பதைக் குறைக்க விரும்புவோர் காலையும் மாலையும் அதனை நீர்ப்பாதை ஓரத்தில் நடத்திச் செல்லட்டும். உடலும் மூக்கும் உழைத்த நாய் வீட்டில் அமைதியாகக் கிடக்கும். நன்கு பழகிய நாய் திடீரென்று மாறினால், நோயோ வலியோ இருக்கிறதா என்று விலங்கு மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலியில் கத்துவதை அடங்காமை என்று தண்டிப்பது கொடுமை.

‘விடுதலையைப் பேசுகிறவர்களே ஓர் உயிரைப் பணியப் பழக்கச் சொல்லலாமா’ என்று ஒருவர் கேட்கக்கூடும். வன்மையான கேள்வியே. நாய் நம் வீட்டுக்கு வரச் சம்மதித்ததில்லை. நாமே கொண்டுவந்தோம். அந்தக் கடன் எந்நாளும் தீராது. ஆனால் பழக்கப்படாத நாயின் விடுதலை எத்தகையது? விருந்தினர் வந்தால் குளியலறை, தெருவில் இறங்கினால் வாய்ப்பூட்டு, அயலார் முறையிட்டால் வீட்டில் சச்சரவு, முடிவில் காப்பகத்துக்கோ வேறொருவர் கைக்கோ போய்ச் சேரும் கதி. செல்லத்தின் விலையைச் செல்லம் கொடுத்தவர் செலுத்துவதில்லை, செல்லம் பெற்ற உயிரே செலுத்துகிறது. அமைதியாக நடக்கக் கற்ற நாய்க்கோ கதவுகள் திறக்கின்றன. பூங்காவும் விருந்தும் மக்கள் கூட்டமும் அதற்கு உரியனவாகின்றன. எப்பயிற்சி பயில்பவரின் உலகத்தை விரிக்கிறதோ அது கல்வி, எது பயிற்றுபவரின் வசதிக்காக மட்டும் அதனைச் சுருக்குகிறதோ அது அடிமைப்படுத்தல். இரண்டு காலில் நின்று கும்பிடு போடும் வித்தைகளை நாம் வற்புறுத்தாததும் இதனாலேயே.

தோட்டத்து மக்களுக்கு இன்னொரு படம் நினைவுக்கு வரும். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் லயத்து நாய் என்று ஒன்று இருந்தது. அது எவர் வீட்டுக்குள்ளும் நுழையாது, குழந்தைகளைத் தொடாது, அந்நியனைக் கண்டால் மட்டும் குரைக்கும். ஒழுங்கு இருந்தது. ஆனால் சொறி பிடித்தால் பார்ப்பாரில்லை, உதைத்தால் கேட்பாரில்லை. துரையின் பங்களா நாய்க்கோ மெத்தையும் இறைச்சியும் இருந்தன. இன்று நம்மிற் பலர் லயத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். துரையின் நாயைப் போல ஒன்று நமக்கும் வாய்த்திருக்கிறது. அதனோடு துரையின் மனமும் நம்மிடம் குடியேறிவிட்டதா என்பதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். நாய் கடித்த பணிப்பெண்ணிடம் ‘நீ ஏன் அதன் அருகே போனாய்’ என்று கேட்கும் வீட்டில் நாய்மேல் உள்ளதும் அன்பன்று. வீட்டில் யாருக்கு மதிப்பு, யாருக்கு இல்லை என்பதை அந்நாயும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

லயத்து நாய்க்கு ஒழுங்கு கிடைத்தது, பரிவு கிடைக்கவில்லை. மாடி வீட்டு நாய்க்குப் பரிவு கிடைக்கிறது, ஒழுங்கு கிடைக்கவில்லை. இரண்டையும் ஒருங்கே கொடுப்பது கடினமே. அதற்குப் பொறுமை வேண்டும், வீட்டில் ஒற்றுமை வேண்டும், கெஞ்சும் கண்களுக்கு முன் அசையாதிருக்கும் உறுதி வேண்டும். நேயர்கள் இதனை இன்றிரவு உணவு மேசையிலேயே தொடங்கிப் பார்க்கலாம். கீழே அது குரைக்கும். பாட்டியாரின் கை தாமாகவே தட்டை நோக்கிச் செல்லும். அந்தக் கையை எவரும் அதட்ட வேண்டாம். ‘நாளைக்குக் காலையில் அதன் தட்டில் நீங்களே வையுங்கள், பாட்டி’ என்று அன்போடு கேட்டுக்கொண்டால் போதும். கொடுக்கும் இன்பம் அவருக்குக் குறையாது. காத்திருந்து பெறும் பழக்கம் அதற்கும் வரும்.